அழுதவன் இறங்கிய கிணறு

"அழுதவன்தானுங்கம்மா செத்துப்போனான்" என்றார் நாச்சிமுத்து.

மடத்தம்மா இட்லிக் குண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"யாருங்கண்ணா?"

"ஊஞ்சக்காட்டுக் கொமரேசன். போன மாசம் அங்க பால் சொசைட்டியில என் கதையைச் சொன்னனுங்க. முன்னால உக்காந்து தேம்பித் தேம்பி அழுதான். முடிஞ்சதும் எந்திரிச்சு வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டான். பேச்சே வரல அவனுக்கு."

"அவருக்கு என்ன?"

"நேத்து கிணத்துல இறங்கிச் செத்துட்டான். ஆயில் இன்ஜின் புகை."

மடத்தம்மா குண்டாவைக் கீழே வைத்தாள்.

"அவன் மச்சான் முன்னால இறங்கிச் சாஞ்சிருக்கான். அவனைத் தூக்கறதுக்குன்னு இவன் போயிருக்கான். ரெண்டு பேரும் முடிஞ்சுது" என்றார் நாச்சிமுத்து. "நான் எதுக்குங்கம்மா ஊர் ஊராப் போயிச் சொல்றேன்? எவனுக்குத்தான் சொல்றேன்?"

இந்த இடத்தில் இவர்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன்.

மடம் என்றதும் கோபுரத்தையும் யானையையும் தேட வேண்டாம். கரட்டு அடிவாரத்தில் இரண்டு ஓட்டு அறை, ஒரு வேம்பு, ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. மடத்தை நடத்துகிற மடத்தம்மாவுக்கு வயது முப்பத்தாறு. நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. மகள் வயசுக்காரியை அவர் அம்மா என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். யாருக்கு யார் குரு என்று புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே காலையில், ஒரே கிணற்றில், தம்பி மாரப்பனையும் மகன் தீபனையும் பறிகொடுத்தவர் அவர். தண்ணீர் அடியில் போய்விட்டதென்று இன்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே ஒரு திட்டில் இறக்கி வைத்து ஓட்டினார்கள். புகை போக வழியில்லை. அவ்வளவுதான்.

அதன்பிறகு மடத்துக்கு வந்து ஒன்பது நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பத்தாம் நாள் மடத்தம்மா சொன்னாள்: "உங்க கதையை நாலு பேருக்குச் சொல்லுங்கண்ணா. நாலு பேராச்சும் பொழைக்கட்டும்." சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

மனுசன் அதை மந்திரமாகப் பிடித்துக்கொண்டார். கோயில் பொங்கல், பள்ளிக்கூட ஆண்டு விழா, நூறு நாள் வேலைக்கு வந்து மரத்தடியில் ஓய்ந்திருக்கும் கூட்டம் என்று ஒன்று விடாமல் போனார். கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். குறை சொல்லக் கூடாது, நன்றாகவே சொல்வார்.

"என் கதையில சத்து இல்லைங்களா?" என்றார் இப்போது. "இன்னும் உருக்கமாச் சொல்லணுங்களா?"

"எனக்குத் தெரியல."

"நீங்களே தெரியலைன்னா?"

"கொமரேசன் வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

"போகத்தானுங்க வேணும். துக்கம் கேக்காம இருக்க முடியுமா."

"அதுக்கு மட்டும் இல்ல. இறங்கறப்ப அவர் என்ன பேசினாருன்னு கேட்டுட்டு வாங்க."

"எழவு வீட்டுல உக்காந்து அதெப்படிங்கம்மா கேப்பேன்?"

"கேளுங்க" என்றாள்.

அவர் அப்போதே பஸ் ஏறினார்.

மறுநாள் காலையில் திரும்பி வந்தார். வேம்புக்கு அடியில் உட்கார்ந்தார். மடத்தம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"யாரு சொன்னாங்க?"

"அவன் சம்சாரம். ருக்மணின்னு பேரு. என்னைப் பார்த்ததும் அந்த அழுகையிலயும் எந்திரிச்சுக் கும்புட்டுச்சுங்க."

"என்ன சொன்னாங்க?"

"மச்சான் சாஞ்சதைப் பார்த்துட்டுக் கொமரேசன் இறங்கப் போயிருக்கான். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க ரெண்டு பேர் வேண்டாம்னு இழுத்துப் புடிச்சிருக்காங்க. உதறிட்டானாம்."

"பேசாமயா உதறினாரு?"

நாச்சிமுத்து சொம்பைக் கீழே வைத்தார். அது சாய்ந்து தண்ணீர் ஓடியது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"பேசினானாம். 'நாச்சிமுத்தண்ணன் மகனுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லையா, விடுங்கடா'ன்னானாம்."

மடத்தம்மாவின் கை வாய்க்குப் போனது. அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை. பாம்பு நுழைந்தபோதுகூட விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு சாவகாசமாக எழுந்தவள்.

"அந்தப் புள்ள அதைப் பெருமையாச் சொல்லுச்சும்மா. 'உங்க மகனாட்டமே எங்க வீட்டுக்காரரும் போயிட்டாருங்கண்ணா'ன்னு சொல்லுச்சு. பெருமையா. நான் என்னன்னு சொல்லுவேன்."

அந்த மனுசன் எப்படி பஸ் ஏறித் திரும்பி வந்தார் என்று தெரியவில்லை.

"இறங்காதீங்கன்னுதானுங்க நான் சொல்றது. சத்தியமா அதைத்தான் சொல்றேன்" என்றார்.

"எப்பச் சொல்லுவீங்க?"

"கடைசியில."

"அப்ப என்ன பண்ணிட்டிருப்பாங்க?"

"மூக்கைச் சிந்திட்டிருப்பாங்க" என்றார் அவர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

மடத்தம்மா கேட்டாள். "அந்தக் கதையை எனக்குச் சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"ரெண்டு வருசமா ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்க. நான் ஒரு தடவகூடக் கேக்கல."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பழக்கம்.

"என் தம்பி இன்ஜினுக்கு டீசல் ஊத்த இறங்கினானுங்க. திட்டுல உக்காந்தவன் எந்திரிக்கல. மேல நானும் என் மகனும் நிக்கறோம். எம்மகன் பதறிட்டான். 'வேண்டாஞ்சாமி'ன்னு நான் அவன் கையைப் புடிச்சேன். உதறிட்டான். 'சித்தப்பனை விட்டுட்டு எப்படிப்பா நிக்கறது'ன்னு ஓடினான். திரும்பிக்கூடப் பார்க்காம இறங்கினான் எஞ்சிங்கம்."

சிங்கம் என்ற இடத்தில் குரல் உடைந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை. சிங்கத்தில் குரல் உடைந்தது.

"இன்னொரு தடவ."

"எதுக்குங்கம்மா?"

"சொல்லுங்கண்ணா."

மூன்றாம் தடவை ஆரம்பித்தார். 'அவன் கையைப் புடிச்சேன்' என்ற இடத்துக்கு வந்தார். மடத்தம்மா தன் கையை நீட்டினாள்.

"எப்படிப் புடிச்சீங்க? புடிச்சுக் காட்டுங்க."

நாச்சிமுத்து கையை நீட்டினார். அவளுடைய மணிக்கட்டுக்கு ஒரு சாண் முன்னால் அது நின்றுவிட்டது. மறுபடியும் நீட்டப் பார்த்தார். கை போகவில்லை.

அவள் கையை மடக்காமல் வைத்திருந்தாள். காலையில் தேய்த்த குண்டாவின் கரி நகத்தில் இருந்தது.

"புடிக்கலைங்கம்மா" என்றார் கடைசியில்.

"அப்புறம்?"

"அவன் ஓடலை. நான்தான் அனுப்புனேன்."

வேம்பில் ஒரு காக்கை கத்திவிட்டுப் போனது. மடத்தம்மா எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கொமரேசன் சாவுல எனக்கும் பங்கு இருக்குண்ணா" என்றாள்.

"நீங்க என்னம்மா பண்ணுவீங்க."

"கதையைச் சொல்லுங்கன்னு அனுப்பினேன். என்ன கதைன்னு கேக்கல. எனக்கு உலை கொதிக்கறது பெருசாப் போச்சு."

அவர் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"தாயம்மாக்காவுக்கு எந்தக் கதை தெரியும்?"

தாயம்மாள் அவர் மனைவி.

"ஊருக்குச் சொன்னதுதானுங்க. அன்னிக்கு அவ வீட்டுல ஆளுகளுக்குச் சோறாக்கிட்டு இருந்தா. வந்து கேட்டப்ப என் வாயில இது வந்துருச்சு. வந்தது வந்ததுதான். அப்புறம் மாத்த முடியலைங்க." முகத்தைத் துண்டால் துடைத்தார். "அந்தக் கதையைப் புடிச்சுக்கிட்டுத்தான் அவ உசுரோட இருக்கா. போட்டோவுக்குப் பூ வெக்கறப்ப எஞ்சிங்கம், எஞ்சிங்கம்னு சொல்லித்தான் வெப்பா."

"ஓ" என்றாள் மடத்தம்மா.

"நாளைக்கு என் மச்சான் சென்னியப்பன் கிணத்துல சேறு எடுக்கறாங்க. தாயம்மாளோட அண்ணன். இன்ஜினை உள்ள இறக்கியாச்சு. நான் சொல்லியும் கேக்கல. அவரு என் கதையை மூணு தடவ கேட்டவரு. மூணு தடவையும் அழுதவரு."

"அக்கா அங்க இருப்பாங்களா?"

"இருப்பா. சோறு கொண்டாருவா."

நாச்சிமுத்து சாய்ந்து கிடந்த சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"அங்க நெசத்தைச் சொன்னா அவ செத்துருவாம்மா" என்றார்.

"சொல்லாட்டி சாகறது யாருங்கண்ணா?"



"மச்சான் மகன் கோகுல். அவன்தான் இறங்குவான்" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இருவரும் சென்னியப்பன் தோட்டத்துக்குப் போனார்கள். இன்ஜின் ஒரு மணி நேரம் ஓடி நின்றிருந்தது. கிணற்று மேட்டில் ஏழெட்டுப் பேர். கோகுல் இடுப்பில் கயிறு கட்டாமல் மூன்றாவது கல்படியில் நின்றுகொண்டிருந்தான். இருபத்துநாலு வயது. கையில் டீசல் கேன்.

"வாங்க மாப்ள" என்றார் சென்னியப்பன். "அட, மடத்தம்மாவும் வந்திருக்கீங்களா. சும்மா இருங்க மாப்ள, முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. நிறுத்தி அரை மணி நேரம் ஆச்சு. ராந்தலைக் கட்டி இறக்கிப் பார்த்தோம். அணையவே இல்ல."

"எங்க கிணத்துலயும் அணையலைங்க மச்சான்."

"அது வேற கிணறு. எங்களுக்கு எல்லாம் தெரியும். உங்க கதையைக் கேட்டவங்கதான நாங்க. அதுக்குத்தான் ஆளு வெச்சிருக்கறேன்." மேட்டில் லுங்கியை மடித்துக் கட்டி நின்ற இரண்டு பேரைக் காட்டினார். "ஏதாச்சும் ஆச்சுன்னா அடுத்த நிமிசம் இறங்கித் தூக்கிருவாங்க. பயப்படற ஆளுக இல்ல."

அந்த இரண்டு பேரும் நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

நாச்சிமுத்து அவர்களைப் பார்த்தார். தான் இரண்டு வருடம் சுற்றிச் சுற்றி விதைத்தது கண்ணெதிரே லுங்கி கட்டி நிற்கிறது.

"ஒரு நிமிசம் மச்சான். ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க, சொல்லுங்க. நல்ல காரியத்துக்கு முன்னால நீங்க சொல்றது நல்லதுதான்."

எல்லாரும் சுற்றி வந்தார்கள். ஒருத்தர் முன்கூட்டியே துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டார். தென்னை மரத்தடியில் சோற்றுப் போசியை இறக்கி வைத்துவிட்டுத் தாயம்மாளும் வந்து நின்றாள்.

அவளைப் பார்த்ததும் நாச்சிமுத்துவுக்கு வாய் பழைய வழிக்கே போயிற்று.

"என் தம்பி இன்ஜினுக்கு டீசல் ஊத்த இறங்கினானுங்க. திட்டுல உக்காந்தவன் எந்திரிக்கல. எம்மகன் பதறிட்டான்..."

"இது இல்ல" என்றாள் மடத்தம்மா, பின்னாலிருந்து.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நாச்சிமுத்து நின்றுவிட்டார். துண்டை எடுத்தார், முகத்தைத் துடைக்கவில்லை, மறுபடியும் தோளில் போட்டார்.

"நான்... அன்னிக்கு..." என்றார். "அவன் ஓடல. தீபன் ஓடல. நான்தான் போகச் சொன்னேன். நான் கையைப் புடிச்சேன்னு சொன்னது பொய்."

தாயம்மாள் அவரைப் பார்த்தாள்.

"போகச் சொன்னதும் போனான். பத்துப் படி... பத்தோ பன்னெண்டோ. இறங்கிட்டு மேல வந்துட்டான். 'தலை சுத்துதுப்பா, நெஞ்சை அடைக்குது'ன்னான். 'யாரும் இறங்க வேண்டாம், தீயணைப்புக்குப் போன் பண்ணலாம்'னான். போனைக் கையில எடுத்துட்டான்."

அதற்கு மேல் வரவில்லை.

"அப்புறம்?" என்று கேட்டாள் தாயம்மாள். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்கிற குரல்தான்.

"போனைப் புடுங்கினேன்."

"அப்புறம்?"

"'சித்தப்பன் உள்ள கிடக்கறான், பொட்டப்புள்ளையாட்டம் போன் பேசிட்டு நிக்கறயே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா'ன்னு கேட்டேன். சேறு அள்ள வந்த வெளியூர்க்காரங்க நாலு பேர் முன்னால வெச்சுக் கேட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு இறங்கினான்."

இந்தத் தடவை ஒருத்தரும் அழவில்லை. துண்டைக் கையில் வைத்திருந்தவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

தாயம்மாள் இன்னும் ஒன்று கேட்டாள்.

"பயந்தானா?"

"பயந்தான்."

"பயந்துட்டு நின்ன புள்ளையையா அனுப்புனீங்க?"

நாச்சிமுத்து ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மடத்தம்மா வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை, சும்மா உட்கார்ந்தாள்.

மூன்றாவது படியிலிருந்து டீசல் கேனைக் கல்லில் வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா" என்றான் கோகுல். "எனக்குப் பயமா இருக்குதுப்பா. நான் இறங்கலை."

எல்லாரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். அவர் வாய் திறந்தது. என்ன வரப்போகிறது என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

வாய் மூடிக்கொண்டது.

"மேல வாடா" என்றார். "எனக்கும் காலையில இருந்து பயமாத்தான் இருக்குது."